அரக்குத் தட்டுக்கு என்ன விலை?

புதுச்சேரியில் தூண் வைத்த திண்ணையும் நடுமுற்றமும் கொண்ட பழைய வீடு ஒன்று பாகப்பிரிவினைக்காக விற்பனைக்கு வந்திருக்கிறது. அந்த வீட்டு அம்மையார் சென்ற மாதம் என்னை அழைத்திருந்தார். அவருடைய மாமனார் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து சைகோனில் பணியாற்றியவர். எங்கள் ஊர் வழக்கில் சொல்வதானால் 'சொல்தா'. அவர் விட்டுச்சென்றவற்றில் ஒரு தேக்குப் பெட்டி நிறைய கிராமபோன் இசைத்தட்டுகள் இருந்தன. "சார், இதெல்லாம் என்ன விலைக்குப் போகும்? பழைய பேப்பர்க்காரர் எடைக்குக்கூட எடுக்கமாட்டேன் என்கிறார். இரும்பும் இல்லையாம், பிளாஸ்டிக்கும் இல்லையாம்" என்றார்.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்லூரியில் விலைக் கோட்பாட்டைக் கற்பித்தவன் நான். உடனே பதில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால், இதே கேள்விக்கு முன்பு ஒருமுறை அவசரப்பட்டுப் பதில் சொன்ன அனுபவம் என்னைத் தடுத்தது. 1990-களின் இறுதியில், காலமான நண்பர் ஒருவரின் குடும்பத்தார் இப்படித்தான் கேட்டார்கள். "தட்டுக்கு ஐந்து ரூபாய் கிடைத்தால் கொடுத்துவிடுங்கள்" என்றேன். கொடுத்துவிட்டார்கள். சில ஆண்டுகள் கழித்து, ஓர் உணவு விடுதியின் சுவரில் அலங்காரமாக அறையப்பட்டிருந்த தட்டுகளில் நண்பரின் கையெழுத்தைப் பார்த்தேன். அருகில் சென்று எண்ணைப் படிக்க முயன்றேன். ஆணி எண்ணின் மீதே இறங்கியிருந்தது.

அந்தப் பெட்டியில் இருப்பவை என்ன பொருளால் ஆனவை என்பதிலிருந்து தொடங்கலாம். நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் பழைய இசைத்தட்டு, அரக்கும் கல்பொடியும் கரிப்பொடியும் பருத்தி இழையும் கலந்து வார்க்கப்பட்டது. அரக்கு என்பது நம் நாட்டு மரங்களில் ஒரு சிறு பூச்சி சுரக்கும் பிசின். சோட்டா நாகபுரிக் காடுகளில் சேகரிக்கப்பட்ட அரக்குதான் உலகம் முழுவதும் இசைத்தட்டுகளுக்குப் போனது. அமெரிக்காவின் மிசிசிப்பிப் பருத்தித் தோட்டங்களில் உழைத்த கறுப்பின மக்களின் 'ப்ளூஸ்' பாடல்கள் 1920-களில் இசைத்தட்டுகளாயின. அவற்றிலும் நம் பழங்குடி மக்கள் சேகரித்த அரக்கு கலந்திருந்தது. அந்த வகையில் அவை நமக்குத் தூரத்து உறவு.

அந்தத் தட்டுகளுக்கு இன்று என்ன விலை தெரியுமா? விஸ்கான்சின் மாநிலத்தில் நாற்காலி செய்யும் நிறுவனம் ஒன்று இருந்தது. கிராமபோன் பெட்டிகளையும் செய்து விற்ற அந்நிறுவனம், பெட்டி வாங்குபவருக்குப் பாட்டும் வேண்டுமே என்று 'பாரமவுண்ட்' என்ற பெயரில் இசைத்தட்டுகளை வெளியிட்டது. மலிவான கலவை, கரகரப்பான ஒலி. பொருளாதாரப் பெருமந்தத்தில் தொழில் நொடித்து, 1930-களின் தொடக்கத்திலேயே மூடப்பட்டது. அந்தப் பெயரில் டாமி ஜான்சன் என்ற பாடகர் வெளியிட்ட தட்டு ஒன்று 2013-இல் இணைய ஏலத்தில் 37,100 டாலருக்குப் போனது. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 23 லட்சம் ரூபாய். அந்தத் தட்டுக்கு அப்போது உலகில் அறியப்பட்ட படிகள் இரண்டே.

அரிதானது என்பதால் விலை ஏறியது என்று நாம் எளிதாக முடிவுகட்டிவிடுவோம். என் மாணவர்களும் தேர்வில் அப்படித்தான் எழுதுவார்கள். பாதி மதிப்பெண் கொடுப்பேன். என் பேரன் ஒன்றாம் வகுப்பில் வரைந்த யானையும் உலகில் ஒன்றே ஒன்றுதான். அரிதாக இருப்பது விலைக்கு ஒரு கால். தேடுகிறவர் இருப்பது இன்னொரு கால். ப்ளூஸ் தட்டுகளுக்குத் தேடுகிறவர்கள் எப்படி உருவானார்கள் என்பதில்தான் நமக்கான செய்தி இருக்கிறது.

1952-இல் ஹாரி ஸ்மித் என்ற சேகரிப்பாளர், தம்மிடமிருந்த பழைய தட்டுகளிலிருந்து 84 பாடல்களைத் தேர்ந்து நீண்ட நேர இசைத்தட்டுகளாக வெளியிடச் செய்தார். 1961-இல் ராபர்ட் ஜான்சனின் பழைய பாடல்கள் மறுவெளியீடு கண்டன. அவற்றைக் கேட்டு வளர்ந்த இளைஞர்கள்தாம் பிறகு மூலத்தட்டுகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தார்கள். எந்த எண்ணில் எந்தப் பாடல், எந்த நாளில் பதிவானது என்று பட்டியல்களும் வந்தன. பட்டியல் வந்த பிறகுதான் எது கிடைக்கவில்லை என்பதே தெரியவந்தது. வில்லி பிரவுன் பாடிய தட்டு ஒன்றுக்கு இன்றுவரை ஒரு படிகூட அகப்படவில்லை; ஆனாலும் அதற்குப் பரிசுத்தொகை அறிவித்துக் காத்திருக்கிறார்கள். இல்லாத பொருளுக்கு விலை இருப்பது பட்டியலால்தான்.

பிறர் கேட்டுவிட்டால் தன் தட்டின் மதிப்புக் குறைந்துவிடும் என்று பூட்டிவைக்கும் நம் சேகரிப்பாளர்கள் சிலர் இந்த வரலாற்றைக் கவனிப்பது நல்லது. பாட்டு பரவியதால் தட்டின் விலை ஏறியதே தவிர, இறங்கவில்லை.

நம்மிடம் சரக்குக்குக் குறைவில்லை. கிராமபோன் கம்பெனியின் பிரெட் கெய்ஸ்பெர்க் 1902-இல் கல்கத்தா வந்து கௌஹர் ஜான் உள்ளிட்டோரைப் பதிவு செய்தார். அடுத்த சில ஆண்டுகளில் ஒலிப்பதிவாளர்கள் சென்னைக்கும் வந்தார்கள். சங்கீத வித்வான்கள் பலர் தயங்கி நின்ற காலத்தில் அந்தக் கூம்பின் முன்னால் துணிந்து பாடியவர்களில் பெரும்பாலோர் தேவதாசி மரபைச் சேர்ந்த பெண்கள். அவர்களில் ஒருவர் கோயம்புத்தூர் தாயி.

இங்கே எங்கள் ஊருக்குரிய பிரெஞ்சுத் தொடர்பு ஒன்றையும் சொல்ல வேண்டும். இசைமேதை ராவெலின் மாணவர் மொரீஸ் தெலாழ் 1912 வாக்கில் இந்தியாவில் பயணம் செய்து இசைத்தட்டுகளைத் திரட்டினார். தாயி ராகமாலிகையாகப் பாடிய அருட்பாத் தட்டு அவரை ஆட்கொண்டது. அதை அடியொற்றி 'ராகமாலிகா' என்றே பெயரிட்டு ஒரு படைப்பை இயற்றினார். நம் தாள வாத்தியத்தின் ஒலி வரவேண்டும் என்பதற்காகப் பியானோவின் ஒரு தந்திக்கு அடியில் அட்டையைச் செருகச் சொன்னார். வள்ளலாரின் பாட்டு பாரிஸ் போய்ச் சேர்ந்தது கப்பலேறிய ஓர் அரக்குத் தட்டின் வழியாக. தாயி 1917-இல் மறைந்தார். அவருடைய தட்டு ஒன்று இன்று நம் தெருக்கோடிப் பழைய பொருள் கடைக்கு வந்தால், கடைக்காரர் அதையும் ஐம்பதுகளின் சினிமாப் பாட்டோடு சேர்த்து ஒரே விலைதான் சொல்வார். அவரைக் குறைசொல்ல முடியாது. இரண்டையும் வேறுபடுத்திக் காட்டும் பட்டியல் தமிழில் அவர் கைக்கு எட்டும்படி இல்லை.

இன்னொரு வேடிக்கை. மேலைநாடுகளில் 78 சுற்றுத் தட்டுகள் வழக்கொழிந்த பிறகும், மின்சாரம் எட்டாத ஊர்களில் சாவி கொடுத்துச் சுற்றும் கிராமபோன்கள் இருந்ததால், கல்கத்தாவின் டம்டம் ஆலை 1960-களிலும் அவற்றை வார்த்தது. பீட்டில்ஸ் குழுவின் பாடல்களும் அப்படி வந்தன. இந்தியாவில் வார்க்கப்பட்ட அந்தத் தட்டுகளுக்கு அயல்நாட்டார் ஆயிரக்கணக்கான டாலர் தருகிறார்கள். நம் மண்ணின் அரக்கு, நம் தொழிலாளரின் உழைப்பு. விலை மட்டும் லிவர்பூல் குரலுக்கு.

முயற்சிகள் நடக்காமல் இல்லை. மைக்கேல் கின்னியர் என்ற ஆய்வாளர் 1899 முதல் 1908 வரையிலான இந்தியப் பதிவுகளுக்கு ஒரு பட்டியல் நூலை 1994-இல் வெளியிட்டார். மும்பையில் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் 1990 முதல் இயங்கிவருகிறது. பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு 'யங் இந்தியா', 'ஓடியன்' தட்டுகள் எண்ணிமமாக்கப்பட்டன. காரைக்குடியிலிருந்து வந்த ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் சினிமாவுக்கு முன்பு சரஸ்வதி ஸ்டோர்ஸ் வழியாக விற்றவை ஓடியன் தட்டுகளே. பிற்காலத்தில் பாரதியார் பாடல்களின் ஒலிப்பதிவு உரிமையை அவர் விலைகொடுத்து வாங்கி வைத்திருந்ததும், 1949-இல் அது அரசிடம் சேர்ந்ததும் பலர் அறிந்த செய்தி. பத்தாண்டுகள் புதுச்சேரியில் பாடித் திரிந்த பாரதியின் குரல் மட்டும் ஒரு தட்டிலும் இல்லை.

ஓலைச்சுவடிக்கு இருக்கும் மரியாதை ஒலிக்கு இல்லை என்பதே என் ஆதங்கம். புதுச்சேரியின் சைவச் சுவடிகளை யுனெஸ்கோ 2005-இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது, பெருமைப்பட்டோம். சுவடியை எடைக்குப் போட இன்று யாருக்கும் மனம் வராது. தட்டு அந்த இடத்துக்கு வரவில்லை. மலிவாக இருப்பதை யாரும் பாதுகாப்பதில்லை, பாதுகாக்காததால் அழிகிறது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் அரக்குக்குத் தட்டுப்பாடு வந்து, பழைய தட்டுகளைத் திரட்டி உருக்கினார்கள். ஒரு பாட்டின் கடைசிப் படியை உருக்குகிறோமா என்று அப்போது யாரும் பார்க்கவில்லை.

வீட்டில் பெட்டி வைத்திருப்பவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். நாய் முத்திரைக்குப் பதிலாகத் தேவதை முத்திரை இருந்தால், அல்லது ஒரு பக்கம் மட்டும் பாட்டு இருந்தால், தட்டு மிகப் பழையது. பாகவதர் போன்ற புகழ்பெற்றவர்களின் தட்டுகள் ஏராளமாக விற்றவை. அதனாலேயே இன்றும் கிடைக்கின்றன, சில நூறு ரூபாய்க்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். பெயர் தெரியாத நாடக நடிகை, நகைச்சுவை உரையாடல், தேசியப் பாட்டு ஆகியவற்றைத்தான் நின்று பார்க்க வேண்டும். 'பாத்தே' என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய தட்டில் எஃகு ஊசியை வைக்காதீர்கள். அது மேலும் கீழுமாக வெட்டப்பட்ட பள்ளம், நீலக்கல் முனைக்கானது. தட்டுகளைப் படுக்கையாக அடுக்கினால் அடியில் இருப்பது விரியும், நிமிர்த்தி வையுங்கள். ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கவே கூடாது. அரக்கு சாராயத்தில் கரைந்துவிடும். எங்கள் ஊரில் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த அம்மையாரிடம் திரும்புகிறேன். மொத்தம் 43 தட்டுகள், 6 உடைந்தவை. எல்லாமாகச் சேர்த்துச் சில ஆயிரம் ரூபாய் வரலாம் என்று உண்மையைச் சொன்னேன். வீட்டைக் காலி செய்ய அவருக்கு இருந்த அவகாசம் மூன்று வாரம். "அப்படியானால் உங்களுக்குத் தெரிந்தவரிடமே கொடுத்துவிடுங்கள் சார்" என்றார். கொடுப்பதற்கு முன்பு ஒரு குறிப்பேட்டில் ஒவ்வொரு தட்டின் பெயரையும், நிறுவனத்தின் வரிசை எண்ணையும், நடுத்தாளின் ஓரத்தில் பொறித்திருக்கும் சிறிய எண்ணையும் எழுதிவைக்கச் சொன்னேன். அவருடைய மகன் நேற்று குறிப்பேட்டைக் கொண்டுவந்தார். 42 வரிகள் நிரம்பியிருக்கின்றன. ஒரு தட்டில் மட்டும் பாடிய பெண்ணின் பெயர் தேய்ந்துபோயிருக்கிறது, எண் பாதிதான் தெரிகிறது என்றார். அந்தத் தட்டை மட்டும் துணியில் சுற்றி எடுத்துவந்திருந்தார். என் கண்ணாடிக்கு அது எட்டவில்லை. நாளை பூதக்கண்ணாடி வாங்கப் போகிறேன்.