இயந்திரமா, வைத்தியரின் கையா?



நம் ஊழியத்தைத் தாங்கிவரும் ஒரு சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. "மார்புப் புற்றுநோய் சிகிச்சைக்குப் பின் கை வீங்கிப்போன சகோதரிகளுக்காக, கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் இயந்திரம் ஒன்று வாங்கித் தரலாமா? அது பணக்காரர் அழகுக்காகச் செய்துகொள்வது என்கிறார்களே, சரிதானா?" என்று கேட்டிருந்தார்கள். இரண்டும் நியாயமான கேள்விகள். அறுவை வைத்தியர்களிடம் கேட்டறிந்ததை எழுதுகிறேன்.

புற்றுநோய்க்காக அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களை அகற்றினாலும், அங்கே கதிர்வீச்சு கொடுத்தாலும், கையிலிருந்து நிணநீர் வடியும் வழி சிலருக்கு அடைபடுகிறது. தொடக்கத்தில் வீக்கம் பெரும்பாலும் நீர்தான். இறுக்கமான கட்டினால் அது குறையும். ஆண்டுகள் செல்லும்போது அங்கே கொழுப்பு சேர்ந்துவிடுகிறது. அதைக் கட்டு கரைக்காது. ரவிக்கைக்குள் நுழையாத கையோடும், சட்டி தூக்க முடியாத கையோடும் வாழும் சகோதரிக்கு இது அழகைப் பற்றிய காரியமல்ல. இப்படிப்பட்ட கைகளில் சேர்ந்த கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் சிகிச்சையை, சுவீடனிலுள்ள மால்மோ நகரில் டாக்டர் ஹாகன் புரோர்சன் 1987 முதல் செய்து, அதன் பலனை உலகுக்குக் காட்டினார்.

இனி இயந்திரத்துக்கு வருவோம். அது ஓர் உறிஞ்சு பம்பு, ஒரு நீண்ட குழாய், நுனியில் சில மில்லிமீட்டர் பருமனுள்ள உலோகக் குழல், அவ்வளவே. 1920-களில் பாரிஸில் ஒரு வைத்தியர், சுரண்டும் கருவியால் ஒரு நடனப் பெண்ணின் காலிலிருந்து கொழுப்பை எடுக்கப்போய், இரத்தக்குழாய் சேதமுற்று, அந்தக் காலையே வெட்டி எடுக்க நேர்ந்தது. 1977-ல் அதே நகரில் டாக்டர் இல்லூஸ் கூர்மையில்லாத குழலைப் பயன்படுத்தினார்; நரம்பும் இரத்தக்குழாயும் பெரும்பாலும் தப்பின. 1987-ல் அமெரிக்காவின் டாக்டர் கிளைன், மரப்பு மருந்தும் அட்ரினலினும் கலந்த உப்புநீரை முதலில் தோலடியில் நிரப்பும் முறையை வெளியிட்டார். இரத்தப்போக்கு மிகவும் குறைந்தது. கவனியுங்கள்: மழுங்கிய ஒரு குழலும் உப்புநீரும்! விலையுயர்ந்த பொருள் எதுவும் அங்கே இல்லை.

வைத்தியர் ஒரு கையால் குழலை நகர்த்தும்போது மறு கையைத் தோலின்மேல் வைத்திருக்கிறார். அந்தக் கைதான் அவருக்குக் கண். குழல் மேலே வந்தால் தோல் குழிவிழும். வயிற்றுப் பகுதியில் ஆழமாய்ப் போனால் குடலையே துளைத்துவிடும். மரப்பு மருந்தை உடல் எடைக்கேற்பக் கணக்கிட வேண்டும். எங்கே நிறுத்துவது என்பதை அறிய வேண்டும். யாருக்குச் செய்யக்கூடாது என்பதையும் அறிய வேண்டும். வீங்கிய கையைக் கட்டைவிரலால் அழுத்தும்போது பள்ளம் விழுந்தால் இன்னும் நீர் இருக்கிறது. முதலில் கட்டுத்தான் போட வேண்டும். இந்தச் சோதனைக்கு இயந்திரமே தேவையில்லை.

அதிரும் குழல், கேளா ஒலி, லேசர் என்று புதிய கருவிகள் வந்துள்ளன. நார்போல் இறுகிய இடத்தில் அதிரும் குழல் வைத்தியரின் களைப்பைக் குறைக்கிறது. ஆனால் கேளா ஒலியும் லேசரும் வெப்பம் உண்டாக்குபவை. பழக்கமற்ற கையில் அவை தோலைச் சுட்டுவிடும்.

முக்கியமான இன்னொன்று: சிகிச்சைக்குப் பின் அந்தச் சகோதரி இறுக்கமான அழுத்த உறையை வாழ்நாள் முழுவதும் கையில் அணிய வேண்டும். கழற்றிவிட்டால் வீக்கம் திரும்பிவிடும். உறை தளரத் தளரப் புதிதாய் வாங்கவும் வேண்டும். ஏழைக் குடும்பத்துக்கு இது பெரிய பாரம்.

ஆகவே அந்தச் சங்கத்துக்கு இப்படிப் பதில் எழுதினேன்: "இயந்திரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் முதலில் ஒரு வைத்தியரின் பயிற்சிக்கும், ஏழைச் சகோதரிகளின் உறைகளுக்கும் கொடுங்கள். பயின்ற கை ஆயத்தமானபின் இயந்திரம் வரட்டும்."

ஆசரிப்புக் கூடாரத்துக்கு ஜனங்கள் பொன்னும் வெள்ளியும் வெண்கலமும் உற்சாகமாய்க் கொண்டுவந்தார்கள். ஆனாலும் அவற்றை வேலைப்பாடாக்க, பெசலெயேலின் கைக்கு ஞானம் அருளினவர் தேவனே. உங்கள் காணிக்கையும் அவர் அருளும் கைத்திறனும் ஒன்றுசேரும் இடத்திலேதான் நோயாளி சுகம் காண்கிறார். எங்கள் வைத்தியர்களின் கைகளுக்காகத் தவறாமல் ஜெபியுங்கள்.

கர்த்தரின் பணியில்,
மருத்துவமனைப் போதகர்