இருதய சத்திரசிகிச்சையும் பிள்ளையின் வளர்ச்சியும்

பிறவியிலேயே இருதயக் குறைபாடுள்ள பிள்ளை நிறை கூடாமல் இருந்தால் எம்மவர்கள் வழக்கமாகத் தரும் விளக்கங்கள் இரண்டு. ஒன்று, "தாய்க்குப் பால் காணாது." மற்றது, "எங்கட பிள்ளையள் சின்ன உடம்புக்காரர்தானே." முதலாவது தாயைக் குற்றவாளியாக்குகிறது. இரண்டாவது நோயை மறைக்கிறது. வைத்தியசாலைகளில் மொழிபெயர்ப்பு வேலை செய்யும் எனக்கு இவ்விரண்டையும் அடிக்கடி கேட்க நேர்கிறது.

உண்மையில் நடப்பது என்ன? இருதயத்தின் கீழறைகளைப் பிரிக்கும் சுவரில் பெரிய துவாரம் இருந்தால், உடம்புக்குப் போகவேண்டிய இரத்தத்தில் ஒரு பகுதி திரும்பவும் சுவாசப்பைக்கே போகிறது. குழந்தை வேகமாக மூச்சு வாங்குகிறது. இருதயம் மேலதிகமாக உழைக்கிறது. வளர்ச்சிக்குரிய சக்தி இதிலேயே செலவாகிவிடுகிறது. பால் குடிப்பதும் அதற்குக் கடும் வேலை. சில நிமிடங்களில் வியர்த்துக் களைத்து உறங்கிவிடும். சாதாரண குழந்தைக்கு நாளொன்றுக்கு, நிறையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 100 கலோரி போதும். இக்குழந்தைக்கு 120 முதல் 150 வரை தேவைப்படலாம். எனவே முதலில் நிறை பாதிக்கப்படும், நீடித்தால் உயரமும்.

1954இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் வோல்ற்றன் லில்லஹை இத்துவாரத்தை முதன்முறையாக மூடியபோது, தந்தையின் இரத்தோட்டத்தையே பிள்ளையுடன் இணைக்கவேண்டியிருந்தது. இன்று கைக்குழந்தைப் பருவத்திலேயே இயந்திரத்தின் துணையுடன் மூடிவிடுகிறார்கள். அதன்பின் மூச்சு ஆறுதலாகிறது, பால் இறங்குகிறது. முதல் மாதங்களில் நிறை ஏறும்; உயரம் பின்னால் வரும்.

எல்லாப் பிள்ளைகளும் ஒரேமாதிரி எட்டிப்பிடிப்பதில்லை. நிறை குறைந்து பிறந்தவர்கள், டவுண் சின்றோம் உள்ளவர்கள், ஒற்றைக் கீழறையுடன் வாழ்பவர்கள் சிறியவர்களாகவே இருக்கக்கூடும். மற்றவர்களுக்கு நிறை ஏறாவிட்டால், துவாரத்தில் மிச்சம் உண்டா, விழுங்குவதில் சிக்கலா என்று பார்க்கவேண்டும்.

இனி 'சின்ன உடம்பு' வாதம். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணைக்காக பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாட்டுப் பிள்ளைகள் அளக்கப்பட்டனர். நல்ல பராமரிப்புக் கிடைத்த பிள்ளைகளிடையே நாட்டுக்கு நாடு உயர வேறுபாடு மிகச் சிறிதாகவே இருந்தது. ஆகவே ஐந்து வயதுக்குள் பிள்ளையின் கோடு கீழே சரியும்போது இனத்தைக் காரணம் காட்டுவது, நாம் சொன்னாலும் வைத்தியர் சொன்னாலும், ஏற்கத்தக்கதல்ல. ஏன் சரிகிறது என்று கேட்பது பெற்றோரின் உரிமை. மொழி தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பிள்ளையின் தமையனையோ தமக்கையையோ அதற்குப் பாவிக்காதீர்கள்.