மரப்பல்லி

விளாங்குடியின் புளிய மரங்களையும் வேப்ப மரங்களையும் பகலில் அண்ணாந்து பார்ப்பவர்க்குப் பட்டையேயன்றி வேறொன்றும் புலப்படாது. ஆயினும் அப்பட்டையின் சாம்பல் நிறத்தையும், அதன்மேல் நெளிந்தோடும் கரிய ரேகைகளையும் தன் தேகத்தில் அப்படியே தரித்துக்கொண்டு, பிளவுகளில் ஒட்டிக் கிடக்கும் ஜீவன் இந்த மரப்பல்லி.

இலங்கைத் தீவிலிருந்து கிடைத்த மாதிரியைக் கொண்டு இதனை 1836-ஆம் ஆண்டில் சாஸ்திரீய முறையில் வர்ணித்த துய்மெரில், பிப்ரோன் என்னும் பிரெஞ்சு அறிஞர்கள், புதுச்சேரியில் தங்கித் தென்னாட்டுத் தாவரங்களையும் பிராணிகளையும் சேகரித்த லெஷெனோவின் பெயரையே இதற்குச் சூட்டினர். கடலுக்கு அப்பாலும் இப்பாலும் வறண்ட சமவெளிகளே இதற்கு உகந்த வாசஸ்தலம்.

இதன் விரலடியைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும்: இரட்டை வரிசையாக அமைந்த மெல்லிய தகடுகள், அவற்றின்மேல் கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற ரோமங்கள். பசை ஏதும் சுரவாமலே, அணுக்கூறுகளுக்கிடையே இயல்பாக உள்ள ஆகர்ஷண சக்தி ஒன்றினாலேயே, செங்குத்தான அடிமரத்தில் தலைகீழாகவும் இது ஓடுகிறது. எத்தனை முறை வியந்தாலும் தகும் அமைப்பு இது!

இதற்கு விஷம் கிடையாது. இமை மூடாத கண்களை நாவினால் துடைத்துக்கொண்டு, அந்திக்குப்பின் பூச்சிகளை வேட்டையாடும். பொந்துகளிலும் பட்டை இடுக்குகளிலும் ஒரு தடவைக்கு இரண்டு வெள்ளை முட்டைகளை இடுமாதலால், முதிர்ந்த மரங்களின் பட்டையை உரிக்காமலும், பொந்துகளைச் சிமெண்டால் அடைக்காமலும் விட்டுவைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.