ரேடியேட்டருக்குள் ஒரு குமிழி

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்ற ஏறத்தாழ 4,180 ஜூல் வெப்பம் வேண்டும். ஒரு லிட்டர் காற்றுக்கு 1.2 ஜூல் போதும். அப்படியானால் ஒரு லிட்டர் தண்ணீர் சுமந்து வருவதை வாங்கிக்கொள்ள சுமார் 3,500 லிட்டர் காற்று தேவைப்படுகிறது. மோட்டார் சைக்கிள் ரேடியேட்டரின் உருவமே இந்தக் கணக்கிலிருந்து பிறந்ததுதான். அடிபட்ட ரேடியேட்டரைக் கழற்றிவிட்டு சென்னை ஜி.பி. ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ வாங்கிய வேறு கம்பெனி ரேடியேட்டரைப் பொருத்தும்போதும், வேலை கூடிவருவதும் கெட்டுப்போவதும் இதே கணக்கைப் பொறுத்ததே.

செம்பாக்கம் வழியே ஓடும் வேளச்சேரி – தாம்பரம் சாலையில் இன்று ரேடியேட்டர் வைத்த பைக்குகள் சாதாரணம். 2008-ல் யமஹா ஆர்15, 2012-ல் கேடிஎம் டியூக் 200 என்று அவை வரிசையாக வந்தன. பல பத்தாண்டுகளாகக் காற்றாலேயே குளிரும் எஞ்சின்களைச் செய்துவந்த ராயல் என்ஃபீல்டும், 2023-ல் வந்த 452 சிசி ஹிமாலயனில்தான் முதன்முதலாகக் கூலன்டுக்கு மாறியது. அதன் திறன் 40 குதிரைத்திறன். கிட்டத்தட்ட 30 கிலோவாட். பெட்ரோலின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தை நோக்கிப் போகிறது. அதற்குச் சற்றேறக்குறைய இணையான வெப்பம் கூலன்டில் இறங்கும். முழு வேகத்தில், வீட்டுக் குளியலறைக் கீசர்கள் பத்துக்கு மேல் ஒன்றாக எரிவதற்குச் சமமான சூட்டை, மடியில் வைத்துக்கொள்ளும் அளவுள்ள ஓர் அலுமினியத் தட்டு வெளியேற்றியாக வேண்டும்.

அதை எப்படிச் செய்கிறது என்பதில்தான் அழகு இருக்கிறது. தட்டையான குழாய்களுக்கு இடையே நெளிநெளியாக மடித்த ஃபின்கள். ஒவ்வொரு ஃபின்னிலும் கண்ணுக்குச் சட்டென்று படாத சாய்ந்த கீறல்கள். உலோகப் பரப்பை ஒட்டி நகராத காற்றுப் படலம் ஒன்று எப்போதும் படிந்து, வெப்பத்தைத் தடுத்து நிற்கும். அந்தக் கீறல்கள் அதைத் திரும்பத் திரும்ப அறுத்துப் புதுக் காற்றை உலோகத்தில் மோதவைக்கின்றன. குழாயையும் ஃபின்னையும் இணைக்கும் முறை இன்னும் நுட்பம். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். சிலிக்கான் கலந்தால் 577 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். தகட்டின் மேல் அந்தக் கலவையை மெல்லிய படலமாக முன்பே சேர்த்துவிடுகிறார்கள். நைட்ரஜன் நிரம்பிய உலையில் சுமார் 600 டிகிரிக்குச் சூடேற்றும்போது, உட்புறம் திடமாக நிற்க, மேற்படலம் மட்டும் இளகி, தொடும் இடங்களிலெல்லாம் தானாகவே ஊர்ந்து சென்று இறுகுகிறது. மட்டமான சரக்கில் இந்த ஒட்டு முழுமையாக விழாது. ஃபின் குழாயைத் தொடுவதுபோலத் தெரியும்; நடுவில் மயிரிழைக் காற்று நிற்கும்.

குழாய்களும் ஃபின்களும் சேர்ந்த கோர் தடிமனாக இருந்தால் நன்றாகக் குளிரும் என்று பலர் தேடித்தேடி வாங்குகிறார்கள். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். முன்வரிசையைக் கடக்கும்போதே சூடேறிவிட்ட காற்றிடம் பின்வரிசைக்குக் கொடுக்க அதிகம் இருக்காது. தடித்த கோர் காற்றோட்டத்தையும் மறிக்கும். கேம்ப் ரோடு சந்திப்பில் வண்டி நின்றுவிட்டால் எதிர்க்காற்று கிடையாது, ஃபேன் ஒன்றே கதி. கூலன்ட் 95 டிகிரி என்று கொள்வோம். மார்கழிக் காலையின் 22 டிகிரியில் இடைவெளி 73. கத்திரி வெயிலின் 42 டிகிரியில் 53-தான். வெப்பம் கைமாறும் வேகம் அந்த இடைவெளிக்கு ஏற்றதே. ஆகவே ஃபேன் வயரை மாற்றி இணைத்துவிடாமல், அது சுற்றும் திசையைக் கையில் ஒரு காகிதம் வைத்தாவது பார்த்துவிட வேண்டும். ரப்பர் புஷ்களைப் பழையதிலிருந்து மறக்காமல் மாற்ற வேண்டும். அவை இல்லாவிட்டால் அதிர்வு நேராக அந்த ஒட்டுகளில் இறங்கும்.

வெளியே இவ்வளவு வேண்டப்படும் காற்று, உள்ளே ஒரு குமிழி நின்றாலும் ஆபத்து. வாட்டர் பம்ப் திரவத்தைச் சுழற்றி வீசித்தான் தள்ளுகிறது. மிக லேசான காற்று அதன் இதழ்களில் சிக்கினால் வீசுவதற்கு எதுவுமில்லை. சிலிண்டர் ஹெட்டில் குமிழி தங்கினால் அந்த இடத்து உலோகம் தண்ணீரைத் தொடாது. வெப்பத்தைக் கடத்துவதில் தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வல்லது. மெக்கானிக்குகள் ‘ஏர் லாக்’ என்று பயப்படுவது இதற்காகத்தான்.

காற்று உள்ளே நுழையாமல் காப்பதில் ரேடியேட்டர் மூடிக்குப் பெரும்பங்கு உண்டு. 1.1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் மூடி, வெறும் தண்ணீரின் கொதிநிலையையே 120 டிகிரிக்கு மேல் ஏற்றிவிடும். எஞ்சின் ஆறும்போது அதன் இரண்டாவது வால்வு திறந்து, ரிசர்வ் டேங்கிலிருந்து கூலன்டைத் திரும்ப இழுக்கும். ரப்பர் காய்ந்த பழைய மூடி கூலன்டுக்குப் பதில் காற்றை இழுத்துவிடும். 1990-களில் சென்னையின் சுந்தரம் ஃபாஸனர்ஸ், பிரிட்டனில் ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய மூடித் தயாரிப்புக்கான இயந்திரங்களை இங்கே கொண்டுவந்து, அந்த நிறுவனத்துக்கே ரேடியேட்டர் மூடிகளை ஏற்றுமதி செய்தது. புது ரேடியேட்டருக்குப் புது மூடி, அதுவும் கம்பெனி சொன்ன அழுத்தத்தில். சூடாக இருக்கும்போது அதைத் திறக்கவே கூடாது. அழுத்தம் விலகிய நொடியில் உள்ளிருப்பது கொதித்துப் பீறிடும்.

போர்வெல் தண்ணீரை ஊற்றாதீர்கள். புறநகரின் கடின நீர் படியவைக்கும் சுண்ணாம்பு, அலுமினியத்தைவிட ஏறக்குறைய நூறு மடங்கு மோசமான வெப்பக் கடத்தி. கலந்தே விற்கும் கூலன்ட் போதும்.

மெதுவாக ஊற்றி, மூடியைத் திறந்து வைத்தபடியே குளிர்ந்த எஞ்சினை ஐடிலில் விட்டு, ஹோஸை அமுக்கி அமுக்கி விட்டால் குமிழிகள் மேலே வரும். தெர்மோஸ்டாட் திறந்ததும் தொட்டுப் பார்த்த ஹோஸ் திடீரென்று சுடும். மிச்சக் காற்று அப்போதுதான் நகரும். கூலன்டை நிரப்பி மூடிவிட்டு ஓட்டலாம். சூடேறி ஆறும் முதல் சில முறைகளில் ரிசர்வ் டேங்கின் அளவு கொஞ்சம் இறங்குவது இயல்பு; ஒளிந்திருந்த காற்றின் இடத்தைக் கூலன்ட் நிரப்புகிறது. அதன் பிறகும் கசிவே தெரியாமல் இறங்கிக்கொண்டே போனால், ரேடியேட்டரை விட்டுவிட்டு ஹெட் கேஸ்கட்டையும் பம்ப் சீலையும் பாருங்கள்.