ஒற்றை ஆள் கோஷ்டி

அண்மையில் ஒரு கலியாண வீட்டுக்குப் போயிருந்தேன். கண்ணை மூடினால் எட்டுப் பேர் கொண்ட இசைக்கோஷ்டி. திறந்தால் ஒரு பாடகி, ஓர் இளைஞர், ஒரு கீபோட், அவ்வளவுதான். முன்வரிசை அம்மா ஒருவர் "என்ன கெட்டிக்காரப் பிள்ளை!" என்று வியந்தார். என் பக்கத்தில் இருந்தவர் முன்னர் கோஷ்டிகளில் தபேலா வாசித்தவர். "பெடியன் எங்கை வாசிக்கிறான்? மெஷின் எல்லோ வாசிக்குது" என்றார்.

'அறேஞ்சர்' எனப்படும் இவ்வகைக் கீபோட்டில் இடது கை மூன்று கட்டைகளை அழுத்தினாற் போதும். கருவி தன்னுள் பதிந்துள்ள தாளம், பேஸ், கிற்றார் யாவற்றையும் அந்தச் சுரக்கூட்டுக்கு இசைவாக ஒலிக்கச் செய்யும். மெட்டு வலது கையின் பொறுப்பு. வீட்டு ஓகன்களில் இருந்த தாளப்பெட்டியின் வாரிசு இது. 1993இல் கோர்க் நிறுவனம் தொழில்முறைக் கலைஞர்களுக்கென்றே ஓர் அறேஞ்சரை வெளியிட்டும், விளையாட்டுச் சாமான் என்ற ஏளனம் முற்றாக நீங்கவில்லை.

இந்த ஏளனம் சிரியாவில் எடுபடாது. அரபு இசைக்கு அரைச்சுரங்களுக்கும் இடையே விழும் காற்சுரங்கள் தேவை. பியானோவில் அவற்றுக்குக் கட்டை இல்லை. (அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை விலக்கி வைத்ததற்கும் இத்தகைய குறையே காரணமாகச் சொல்லப்பட்டது.) அறேஞ்சரிலோ வேண்டிய சுரத்தை மட்டும் சற்றே இறக்கிக்கொள்ளலாம். கலியாண வீடுகளிற் பாடிப் புகழ்பெற்ற ஒமர் சுலைமானுக்குக் கீபோட் வாசித்த ரிஸான் சயீத், நாட்டுப்புறக் குழலையும் பறையையும் அந்தக் கட்டைகளிலேயே பேசவைத்தார். 2015இல் வந்த அவருடைய தனி இசைத்தொகுப்பின் பெயரே 'கீபோட் மன்னன்' என்பதாகும்.

கலியாண வீட்டுக்கு வருகிறேன். பாடகி சரணத்தை இரண்டு தட்டு முந்தித் தொடங்கிவிட்டார். தபேலாக்காரர் என்றால் தானும் கூடவே ஓடியிருப்பார். இயந்திரம் தன்பாட்டில் நடந்தது. இளைஞர் கண்ணிமைக்கும் நேரத்தில் பொத்தானொன்றைத் தட்டித் தாளத்தை முதலடியிலிருந்து மீளத் தொடக்கினார். முன்வரிசை அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. என் பக்கத்தில் இருந்தவரின் விரல்கள் மட்டும் கதிரைக் கையில் நின்றன.

"பிடிச்சிட்டான்" என்றார். சற்றுப் பொறுத்து, "எண்டாலும் இப்ப என்னை ஒருத்தரும் கூப்பிடுறேல்லை" என்றார்.