குளிர் இரவில் நக்ஷத்திரப் படம்

நக்ஷத்திரங்களைப் புகைப்படம் பிடிப்பது வான சாஸ்திரிகளின் காரியம். குடும்பஸ்தர்களாகிய நமக்கு அதில் என்ன வேலை என்று பலர் எண்ணுகிறார்கள். சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை. 1850-ம் வருஷம் ஜூலை மாதத்தில், அமெரிக்காவில் ஹார்வர்ட் வான ஆராய்ச்சி நிலையத்தில் அபிஜித் நக்ஷத்திரம் முதன் முதலாகப் படத்தில் விழுந்தது. அப்போது தகட்டை வைத்து எடுத்தவர், பாஸ்டன் நகரில் மனிதர்களை நாற்காலியில் உட்கார வைத்துப் படம் எடுத்து ஜீவித்து வந்த விப்பிள் என்பவர். 1882-ல் நன்னம்பிக்கை முனையில் டேவிட் கில் என்னும் வான சாஸ்திரி பெரிய வால் நக்ஷத்திரம் ஒன்றைப் படம் எடுக்க விரும்பியபோது, அவரும் உள்ளூர்ப் புகைப்படக்காரர் ஒருவரின் உதவியையே நாடினார். வால் நக்ஷத்திரத்தோடு கூட எண்ணற்ற சிறு நக்ஷத்திரங்களும் தகட்டில் பதிந்திருக்கக் கண்டு அதிசயித்தார். அந்த அதிசயந்தான், ஆகாயம் முழுவதையும் படம் எடுத்துவிடுவது என்று 1887-ல் பாரிஸில் கூடி முடிவு செய்வதற்குக் காரணமாயிற்று. உலகத்துக் கூடங்கள் பலவற்றுள் ஹைதராபாத் நிஜாமியா நிலையமும் அதில் தன் பங்கை ஏற்று நிறைவேற்றியது என்பதை நேயர்கள் பெருமையோடு நினைவில் வைத்துக் கொள்ளலாம்.

நமது நண்பர் ஒருவருக்கு இந்தப் பித்துப் பிடித்ததற்குக் காரணம் சரித்திரம் அல்ல. அவருடைய பன்னிரண்டு வயதுப் பெண். சென்னையில் பிறந்து வளர்ந்த குழந்தை அவள். ஆகாச கங்கையின் படம் ஒன்றைப் புஸ்தகத்தில் பார்த்துவிட்டு, "இது யார் வரைந்தது, அப்பா?" என்று கேட்டாளாம். கிராமத்து முற்றத்தில் கயிற்றுக் கட்டிலில் படுத்துக் கார்த்திகைக் கூட்டத்தை எண்ணி எண்ணி உறங்கிய மனிதருக்கு அந்தக் கேள்வி உறைத்துவிட்டது. அடுத்த தை அமாவாசைக்குக் காமிராவும் முக்காலியும் பெண்ணுமாகக் கொடைக்கானலுக்குப் புறப்பட்டார். நாமும் கூடச் சென்றோம்.

கொடைக்கானலில் 1904-ம் வருஷம் முதல் சூரியனைப் படம் பிடித்து வருகிறார்கள். ஆனால் நக்ஷத்திரம் வேண்டுவோருக்கு ஊரின் விளக்குகள் பகை. ஆகையால் மேற்கே மன்னவனூர்ப் பக்கத்தில், தெரிந்தவர் வீட்டு முற்றத்தில் இடம் பிடித்தோம். வடகிழக்குப் பருவ மழை ஓய்ந்த பிறகு அங்கே வானம் கழுவி விட்டாற்போல் இருக்கும். குளிரும் அப்படித்தான். புல்லின் மேல் உறைபனி படிகிற நாட்களும் உண்டு.

இந்தக் குளிர் காமிராவுக்கு நண்பனா, சத்துருவா? இரண்டுந்தான். இக்காலத்துக் காமிராவில் ஒளியை வாங்கும் சில்லு, ஒளியே படாவிட்டாலும் தன் உஷ்ணத்தினாலேயே கொஞ்சம் பொய்யான புள்ளிகளை உண்டாக்கும். ஏறக்குறைய 6 அல்லது 7 டிகிரி உஷ்ணம் குறைந்தால் இந்தத் தொல்லை பாதியாகி விடுகிறது. பெரிய ஆராய்ச்சி நிலையங்களில் சில்லைப் பூஜ்யத்துக்குக் கீழே 100 டிகிரி வரையில் குளிர வைப்பது இதற்காகவே. மலைக் குளிர் இந்த உபகாரத்தில் ஒரு சிறு பங்கைக் காசு வாங்காமல் செய்து விடுகிறது. ஆனால் அதே குளிரில் பாட்டரியின் ரசாயன வேலை மந்தப்பட்டு, அது சீக்கிரம் ஓய்ந்து போகும். லென்ஸின் மேல் பனி நீர் கோத்துக் கொள்ளும்; அதைத் துடைக்கத் துடைக்க மீண்டும் கோக்கும். லென்ஸைச் சுற்றிலும் கம்பளித் துணியைச் சுற்றிச் சிறிது வெதுவெதுப்பாக வைத்திருப்பது ஒன்றே பரிகாரம்.

நண்பரின் முதல் படத்தில் நக்ஷத்திரங்கள் எல்லாம் அரிசி மணிபோல் நீண்டிருந்தன. ஒரு நிமிஷம் முழுதும் காமிராவைத் திறந்து வைத்திருந்தார். பூமி மணிக்கு 15 டிகிரி சுழலும்போது நக்ஷத்திரம் எப்படிப் புள்ளியாக நிற்கும்? 500 என்ற எண்ணை லென்ஸின் குவிதூரத்தால் வகுத்து, கிடைக்கும் வினாடிகளுக்கு மேல் போகக் கூடாது என்பது கைக்கணக்கு. அவருடைய 24 மில்லிமீட்டர் லென்ஸுக்கு 20 வினாடி. 50 மில்லிமீட்டராக இருந்தால் 10 வினாடிதான்.

இரண்டாவது படம் மங்கிப் போயிற்று. தானே குவியம் பார்த்துக் கொள்ளும் யந்திரம் இருட்டில் திண்டாடும். அதை நிறுத்திவிட்டு, பிரகாசமான நக்ஷத்திரம் ஒன்றைத் திரையில் பெரிதாக்கி, அது ஊசி முனையாகும் வரையில் லென்ஸைக் கையால் திருப்ப வேண்டும். விறைத்த விரல்களால் இதைச் செய்வது எளிதன்று. பொத்தானை அழுத்தினால் முக்காலி அதிரும். அதற்கு இரண்டு வினாடி தாமதித்துத் திறக்கும் ஏற்பாடு உண்டு. இவற்றையெல்லாம் சரிசெய்வதற்குள் மணி பத்தாகி, முதல் பாட்டரி உயிரை விட்டது. மற்றொன்றுதான் பாக்கி. அதைப் பெண் தன் ஸ்வெட்டருக்குள், மார்போடு அணைத்து வைத்திருந்தாள். அந்த யுக்தி அவளுடையதே.

அந்த வேளையில் திருவாதிரை உச்சிக்கு வந்திருந்தது. கீழே தென் திசையில் அகத்தியன் ஜ்வலித்துக் கொண்டிருந்தான். லண்டன்வாசிகள் தம் ஊரில் இருந்துகொண்டு ஒருநாளும் காண முடியாத நக்ஷத்திரம் அது! மேற்கே சற்றுச் சாய்ந்திருந்த கார்த்திகையை நோக்கிக் காமிராவைத் திருப்பினார்கள். இருபது வினாடி யாரும் பேசவில்லை.

வெறுங் கண்ணால் பார்த்து "ஆறு" என்றாள் பெண். படத்தைப் பெரிதாக்கி எண்ணத் தொடங்கினாள்; பன்னிரண்டைத் தாண்டியதும் கணக்குத் தவறிவிட்டது; மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஆகாச கங்கையோ தை மாதத்தில் மிக மெல்லியது. படத்தில் புகையிழை போலத்தான் விழுந்தது. அதன் கொழுத்த பாகம் வேண்டுமானால் வைகாசி, ஆனி வரை காத்திருக்க வேண்டும். பெண்ணுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. படத்தை மறந்து, அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

இரண்டு மணிக்கு அந்தப் பாட்டரியும் ஓய்ந்தது. காமிராவை உடனே உள்ளே கொண்டுபோனால் வீட்டின் வெதுவெதுப்பான காற்று அதன் மேல் நீராகப் படியும். வெளியிலேயே ஒரு பையில் இறுகக் கட்டி, பிறகே உள்ளே கொண்டுபோய் வைத்தோம். விடியும் வரையில் பையைத் திறக்கக் கூடாது என்று நண்பர் கண்டிப்பாகச் சொன்னார். ஆறு மணிக்கு முன்பே எழுந்து பையின் பக்கத்தில் காத்திருந்தவரும் அவரேதான்.