214 கோடியைத் தாண்டினா தலைகீழ்! கம்ப்யூட்டர்களை மிரட்டும் ஒரு விநோத எண்

2147483647. பத்து இலக்கம் இருக்கேன்னு போன் நம்பர்னு நினைச்சு டயல் பண்ணிடாதீங்க. 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647 என்ற இந்த எண்ணுக்குள்ள ஒரு சுவாரஸ்யமான வரலாறும், 2038-ல் வரப்போற ஒரு சிக்கலும் இருக்கு.

2-ஐ 31 தடவை எழுதி ஒண்ணோடு ஒண்ணு பெருக்குங்க. வர்ற விடையில் 1-ஐக் கழிச்சா இந்த எண் கிடைக்கும். இது ஒரு பகா எண். அதாவது, 1-ஐயும் தன்னையும் தவிர வேற எதாலும் மீதியில்லாம வகுபடாது.

இதை நிரூபிச்சவர் கணித மேதை ஆய்லர். வருஷம் 1772. அப்போ அவருக்குப் பார்வை கிட்டத்தட்ட முழுசா போயிருந்தது. சாதாரணமா பார்த்தா, 46,340 வரைக்கும் உள்ள எல்லா பகா எண்களாலும் இதை வகுத்துப் பார்க்கணும். ஆய்லர் ஒரு குறுக்குவழி கண்டுபிடிச்சார். இதுக்கு வகுஎண்ணுன்னு ஒண்ணு இருந்தா, அதை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 தான் வரணும். அப்படிப்பட்ட எண்களை மட்டும் சோதிச்சாலே போதும்!

1811-ல் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர், இந்த எண்ணை வெச்சுக் கிடைக்கிற நிறைவெண்ணைவிடப் (perfect number) பெரிய நிறைவெண்ணை அநேகமா யாரும் கண்டுபிடிக்கப் போறதில்லைன்னு கருதினார். ஆனா, 1876-ல் பிரான்ஸின் லூக்கா 39 இலக்க பகா எண்ணையே நிரூபிச்சுட்டார்.

கம்ப்யூட்டருக்கு என்ன பிரச்னை?

கம்ப்யூட்டருக்குத் தெரிஞ்சது 0, 1 மட்டும்தான். பழைய மென்பொருள்கள் ஓர் எண்ணை 32 கட்டங்களில் எழுதிவைக்கும். அதில் ஒரு கட்டம் பிளஸ்ஸா, மைனஸான்னு காட்ட. மீதி 31 கட்டத்திலும் 1 நிரம்பினா வர்றதுதான் நம்ம எண். அதோட இன்னொரு 1 சேர்த்தா, மைனஸ் கட்டத்துக்குள்ள வழிஞ்சு, எண் சட்டுனு மைனஸ் 214 கோடிக்குத் தாவிடும்.

2014-ல் 'கங்னம் ஸ்டைல்' பாட்டோட பார்வைகள் இந்த எல்லையைத் தொட்டப்போ, யூடியூப் தன் கணக்கை 64 கட்டத்துக்கு மாத்தினதா அறிவிச்சது. 2015-ல் விஷயம் சீரியஸானது. போயிங் 787 விமானத்தோட மின் கட்டுப்பாட்டுக் கருவி தொடர்ந்து 248 நாள் ஓடினா, மின்சாரமே நின்னுபோகலாம்னு அமெரிக்க விமானத் துறை எச்சரிச்சது. ஒரு நொடியை நூறா பிரிச்சு எண்ணிப் பாருங்க. 214 கோடியைத் தொட சரியா 248 நாள் சொச்சம்தான் ஆகும்!

2038, ஜனவரி 19

பல கம்ப்யூட்டர்கள் 1970 ஜனவரி 1-லிருந்து நொடிகளை எண்ணித்தான் நேரம் சொல்லுது. அந்த எண்ணிக்கை 2147483647-ஐ எட்டுறது, 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, நம்ம நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடி. அடுத்த நொடியே 32 கட்ட கடிகாரங்கள் 1901 டிசம்பருக்குப் போயிடும்.

பயப்படணுமா? இப்போ வர்ற போன், லேப்டாப் பெரும்பாலும் 64 கட்டத்துக்கு மாறிடுச்சு. அதில் 29,000 கோடி வருஷத்துக்கு மேல இடம் இருக்கு. கவலையெல்லாம், ஒருதடவை மாட்டினா வருஷக்கணக்கா யாரும் தொடாத தொழிற்சாலைக் கருவிகள், பழைய மென்பொருள்கள் பத்தித்தான். இன்னிக்கு 20 வருஷ வீட்டுக்கடன் வாங்கினா, கடைசித் தவணை 2038-ஐத் தாண்டிடும். அந்தத் தேதியைப் பழைய மென்பொருள் கணக்கு போட்டா, சிக்கல் இப்பவே தலைகாட்டும். அதனால, 2037 டிசம்பர் வரைக்கும் பார்த்துக்கலாம்னு இருக்க முடியாது பாஸ்!